பை இருக்கிறது, பிள்ளை இல்லை

மாலை வழிபாடு முடிந்து சனங்கள் கலைந்துபோன நேரம். வயதான ஒரு தாய் படியடியில் காத்து நின்றார். சற்றுத் தள்ளி, வேப்பமரத்தின் கீழ், நிலத்தைப் பார்த்தபடி அவருடைய மருமகள்.

"சுவாமி, உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும். இவள் முழுகாமல் இருக்கிறாள், ரெண்டு மாசம். நேற்று ரவுணிலை காசு குடுத்து ஸ்கான் எடுத்தது. பை மட்டும் கிடக்காம், உள்ளுக்குப் பிள்ளை இல்லையாம். பை இருந்தால் பிள்ளையும் இருக்கத்தானே வேணும்? போன மாசம் முழுக்கத் தூரத்திலை இருந்து தண்ணி சுமந்தவள், லான்ட்மாஸ்ரரிலை ஏறித் திரிஞ்சவள். அதாலைதான் அழிஞ்சு போச்சுதோ? உடனை போய்க் கழுவி விடவேணும் எண்டும் சொல்லுகினம். என்ன செய்யிறது?"

அந்தத் தாய் ஒரே மூச்சில் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டார். இது என்ன? இது யாருடைய குற்றம்? இனி என்ன செய்வது? நான் வைத்தியன் அல்லன். அன்று அவர்களை மறுநாளே அரசாங்க வைத்தியசாலையின் மகப்பேற்று கிளினிக்குக்குப் போகும்படி சொன்னேன். பின்னர் வைத்தியர்களிடமும் குடும்பநல உத்தியோகத்தர்களிடமும் கேட்டும், நூல்களைப் படித்தும் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். இந்தக் கேள்வி ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. பல குடும்பங்களில் பெண்கள் இதைத் தமக்குள்ளேயே வைத்துப் புழுங்குகிறார்கள்.

முதற் கிழமைகளில் நடப்பது

வைத்தியர்கள் கர்ப்பக் கணக்கைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். உண்மையில் கரு உண்டாவது அதற்கு ஏறத்தாழ 2 கிழமைகள் கழித்தே. ஆகவே கிளினிக் கொப்பியில் 6 கிழமை என்று எழுதியிருந்தால், கரு உண்டாகி 4 கிழமைகளே ஆகின்றன என்று விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஆணின் விந்தும் பெண்ணின் முட்டையும் சேரும்போது ஒரேயொரு கலம் உண்டாகிறது. அது இரண்டாகி, நான்காகி, எட்டாகிப் பெருகி, ஏறத்தாழ ஒரு கிழமையில் சிறு பந்துபோலாகிக் கர்ப்பப்பையின் உட்சுவரில் ஒட்டுகிறது. அந்தப் பந்தின் வெளிப்புறக் கலங்களுக்கு ஒரு வேலை. உட்புறக் கலங்களுக்கு வேறொரு வேலை. வெளிப்புறக் கலங்கள் சுவருக்குள் வேர்விட்டுப் பிற்காலத்தில் இளங்கொடியாக வளர்கின்றன. உள்ளே திரண்டிருக்கும் கலங்களிலிருந்தே பிள்ளை உருவாகிறது. இதன் தொடக்க நிலையைப் பிள்ளைகளின் விஞ்ஞானப் பாடநூல் முளையம் என்று சொல்கிறது. நமக்குப் பழகிய சொல் கரு.

கருவைச் சூழ நீர் நிறைந்த ஒரு பை உண்டாகிறது. ஸ்கானில் முதலிற் கண்ணுக்குத் தெரிவது இந்தப் பைதான். இக்கட்டுரையில் இதைக் கருவுறை என்று சொல்வோம். கர்ப்பப்பை வேறு, அதற்குள்ளே தோன்றும் இந்தக் கருவுறை வேறு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். யோனி வழியாகச் செய்யும் ஸ்கானில் கருவுறை ஏறத்தாழ 5 கிழமையளவில் ஒரு சிறு கறுப்பு வட்டமாகத் தெரியும். 5½ கிழமையளவில் அதற்குள்ளே கருவூண் பை என்ற சிறு வளையம் தெரியும். 6 கிழமையளவில் கருவும் அதன் இதயத் துடிப்பும் தெரியத் தொடங்கும். வயிற்றின்மேல் வைத்துச் செய்யும் ஸ்கானில் இவை சில நாட்கள் பிந்தியே தெளிவாகும்.

சப்பி நெல்லைப் போல

சில வேளைகளில் வெளிப்புறக் கலங்கள் தம் வேலையைத் தொடர்கின்றன; உட்புறத்தில் கரு உருவாவதில்லை, அல்லது மிக ஆரம்பத்திலேயே வளர்ச்சி நின்று உடலால் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. கருவுறை மட்டும் சில கிழமைகள் வளர்ந்துகொண்டிருக்கும். இதைத்தான் "பை இருக்கிறது, பிள்ளை இல்லை" என்று சொல்கிறார்கள். கொப்பியில் பிளைட்டட் ஓவம் என்றோ அனெம்பிரியோனிக் பிரெக்னன்சி என்றோ எழுதியிருக்கலாம். இரண்டும் ஒன்றையே குறிக்கின்றன. இது ஆரம்பக் கருச்சிதைவின் ஒரு வகை.

நெல் விதைத்தவர்களுக்கு இதை விளக்குவது கடினமல்ல. கதிர் வருகிறது, உமியும் வருகிறது, உள்ளே அரிசி மட்டும் பிடிப்பதில்லை. அதைச் சப்பி என்கிறோம். வெளியே பார்த்தால் நெல்லுக்கும் சப்பிக்கும் வித்தியாசம் தெரியாது. இங்கும் அப்படித்தான். மாதவிடாய் நிற்கும், சத்தி வரும், மார்பு நோகும், சிறுநீர்ப் பரிசோதனையும் கர்ப்பம் என்றே காட்டும். காரணம், அந்தப் பரிசோதனை கண்டுபிடிப்பது எச்.சி.ஜி. என்ற ஓமோனை. அதைச் சுரப்பது பிள்ளையல்ல. இளங்கொடியாக வளரவேண்டிய வெளிப்புறக் கலங்களே. எனவே அந்தப் பெண் பொய் சொல்லவில்லை, பரிசோதனையும் பிழைக்கவில்லை. அவள் உண்மையாகவே கருத்தரித்திருந்தாள்.

ஆனால் இந்த உவமையை இதற்கு மேல் இழுக்கக் கூடாது. சப்பியைச் சுளகிலே புடைத்துக் காற்றில் விட்டுவிடலாம். ஒரு தாய் இரண்டு மாதமாகச் சுமந்த எதிர்பார்ப்பை அப்படிப் புடைத்துவிட முடியாது.

இது யாருடைய குற்றம்?

யாருடைய குற்றமும் அல்ல. இதை வீட்டில் எல்லாரும் கேட்கும்படி உரத்துச் சொல்ல வேண்டும்.

நமது உடலின் ஒவ்வொரு கலத்திலும் வழக்கமாக 46 நிறமூர்த்தங்கள் உள்ளன. தாயிடமிருந்து 23, தகப்பனிடமிருந்து 23. பிள்ளையின் உடலை எப்படிக் கட்டுவது என்ற குறிப்பு முழுவதும் இவற்றில் அடங்கியுள்ளது. முட்டையோ விந்தோ உருவாகும்போது, அல்லது முதற் கலம் பிரியும்போது, ஒரு நிறமூர்த்தம் கூடிவிடலாம் அல்லது குறைந்துவிடலாம். அப்படியான கரு பெரும்பாலும் வளராது நின்றுவிடுகிறது. ஆரம்பக் கருச்சிதைவுகளில் ஏறத்தாழ பாதிக்கு இந்த நிறமூர்த்தப் பிழையே காரணம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பெரும்பாலும் இது பரம்பரை நோயல்ல. அந்த ஒரு கருவில் தற்செயலாக நேர்ந்தது. பெண்ணின் வயது 35 ஐத் தாண்டும்போது இதற்கான வாய்ப்புக் கூடுகிறது.

இத்தகைய பிழை கரு உண்டான முதல் நாட்களிலேயே நேர்ந்துவிடுகிறது. அந்தப் பெண் தான் கர்ப்பம் என்று அறிவதற்கு முன்பே காரியம் முடிந்துவிடுகிறது. அப்படியிருக்க, அதன் பிறகு சுமந்த தண்ணீர்க் குடமோ, ஏறிய லான்ட்மாஸ்ரரோ, தின்ற அன்னாசித் துண்டோ, இரவில் கேட்ட சத்தத்துக்குப் பயந்ததோ இதற்குக் காரணமாக முடியுமா? கண்ணூறும் செய்வினையும் காரணமல்ல. முன்னர் செய்த பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனையும் அல்ல. அப்படிச் சொல்பவர் யாராயினும், அவர் அந்தப் பெண்ணுக்கும் கடவுளுக்கும் அநியாயம் செய்கிறார்.

இது அரிதான நிகழ்ச்சியும் அல்ல. உறுதிசெய்யப்பட்ட 100 கர்ப்பங்களில் 10 முதல் 20 வரை கருச்சிதைவில் முடிகின்றன. அவற்றிற் பெரும்பாலானவை முதல் 12 கிழமைகளுக்குள் நேர்கின்றன. உங்கள் அயலில் நாலு பிள்ளை பெற்ற தாயிடம் அமைதியாகக் கேட்டுப் பாருங்கள். தனக்கும் ஒருமுறை தங்காமல் போனது என்று சொல்லக்கூடும்.

பொதுவாகக் கருச்சிதைவின் ஆபத்தைக் கூட்டும் சில காரணிகள் உண்டு. புகைத்தல், மதுபானம், கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு, தைரொயிட் நோய் என்பன அவை. இவற்றைக் கவனிப்பது அடுத்த முறைக்கு உதவும். நடந்ததற்குப் பழி சுமத்துவதற்காக இவற்றைச் சொல்லவில்லை.

ஒரு ஸ்கான் போதாது

இக்கட்டுரையில் ஒரு விடயத்தை மட்டும் நினைவில் வைத்திருப்பதானால் இதை வைத்திருங்கள்: ஆரம்பத்தில் எடுத்த ஒரு ஸ்கானை மட்டும் கொண்டு, பை சிறிதாக இருக்கும்போது, "பிள்ளை இல்லை" என்று முடிவு செய்யக் கூடாது.

வெறுமையாகத் தெரியும் பைக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, கரு உருவாகவில்லை. மற்றது, கரு கண்ணுக்குத் தெரியும் காலம் இன்னும் வரவில்லை. 5 கிழமைக் கர்ப்பத்தில் பை வெறுமையாகத் தெரிவது இயல்பு. 8 கிழமை என்று நினைத்துப் போனவளுக்கு உண்மையில் 5 கிழமையே ஆகியிருந்தால், இயல்பான அவளுடைய பிள்ளையும் அன்று ஸ்கானில் தெரியாது.

பெரிய நாடுகளின் வைத்தியர்களும் இதை அனுபவத்தில் கற்றவர்களே. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்ட் என்ற மகப்பேற்று வைத்தியரும் அவரது துணைவர்களும் 1958 இல் ஒலியலைகளால் வயிற்றுக்குள் பார்க்கும் முறையை உலகுக்கு அறிவித்தனர். அதன்பின் கருவிகள் மேலும் மேலும் திருந்தின. பிரித்தானியாவில் நெடுங்காலமாக, பையின் சராசரி விட்டம் 20 மில்லிமீற்றரைத் தாண்டியும் உள்ளே ஒன்றும் தெரியாவிட்டால் கர்ப்பம் தங்கவில்லை என்று கொண்டார்கள். 2011 இல் வெளிவந்த ஆய்வுகள், அந்த அளவை நம்பினால் உயிருள்ள சில கர்ப்பங்களும் தவறாக வெறும் பை என்று சொல்லப்படக்கூடும் எனக் காட்டின. அவ்வாண்டிலேயே அங்கு அளவை 25 மில்லிமீற்றராக உயர்த்தினர். அமெரிக்காவில் 2012 இல் கூடிய நிபுணர்களும் அதே அளவை ஏற்று 2013 இல் வெளியிட்டனர். 5 மில்லிமீற்றர் என்பது ஒரு நெல்மணியின் நீளம்கூட இல்லை. அந்தச் சிறு இடைவெளியில் சில பிள்ளைகளின் உயிர் இருந்தது.

இன்று வைத்தியர்கள் பின்பற்றும் முறையைச் சுருக்கமாகச் சொல்வதானால்:

யோனி வழி ஸ்கானில் பையின் சராசரி விட்டம் 25 மில்லிமீற்றருக்குக் குறைவாக இருந்து கரு தெரியாவிட்டால், முடிவு சொல்லாமல் குறைந்தது 7 நாட்கள் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும்.

25 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ இருந்து கரு தெரியாவிட்டால், கர்ப்பம் வளரவில்லை என்பதற்கு அது வலுவான சான்று. அப்போதும் இன்னொரு வைத்தியர் பார்த்து உறுதி செய்வது, அல்லது 7 நாட்களின் பின் மீண்டும் பார்ப்பது நல்லது.

முதல் ஸ்கானில் பை மட்டும் தெரிந்து, 2 கிழமைகள் கழித்தும் இதயத் துடிப்புள்ள கரு தெரியாவிட்டால், கர்ப்பம் தங்கவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். முதல் ஸ்கானிலேயே கருவூண் பையும் தெரிந்திருந்தால் இதற்கு 11 நாட்கள் போதும்.

வயிற்றின்மேல் மட்டும் வைத்துப் பார்த்திருந்தால், இன்னும் கூடுதலாக, குறைந்தது 14 நாட்கள், பொறுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

யோனி வழி ஸ்கான் என்றதும் சில பெண்கள் வெட்கத்தாலும் பயத்தாலும் மறுத்துவிடுகிறார்கள். விரல் தடிப்பான ஒரு கருவி சிறிது தூரம் உள்ளே வைக்கப்படுகிறது, அவ்வளவுதான். அது கருவைக் கலைக்காது. பெண் தாதியோ சொந்தத்தில் ஒரு பெண்ணோ கூட நிற்கவேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை.

பணம் பற்றியும் ஒரு சொல். மனம் தவிக்கும்போது இன்று ஓரிடம், நாளை மறுநாள் வேறோரிடம் என்று கடன்பட்டு ஸ்கான் எடுக்கத் தோன்றும். அதனால் பயனில்லை. இந்தக் கிழமைகளில் பை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றரே வளர்கிறது. எந்தக் கருவியாலும் இரண்டு நாளில் புதிதாக ஒன்றைச் சொல்ல முடியாது. அரசாங்க வைத்தியசாலையில் இந்தச் சேவை இலவசம். முதல் ஸ்கானின் தாளைப் பத்திரமாக வைத்து அடுத்த முறை கொண்டு செல்லுங்கள். இரண்டையும் ஒப்பிட்டால்தான் வைத்தியருக்கு உண்மை தெரியும்.

தவறிப்போன திகதிகள்

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஊரைவிட்டு எழும்பி, இன்னோர் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்குப் போய், பிள்ளைகளுக்குச் சாப்பாடு தேடித் திரிந்த ஒரு பெண்ணிடம் "கடைசியாக எப்போது சுகமில்லாமல் வந்தது?" என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? நாட்காட்டி தொங்கிய சுவரே இல்லாமற் போயிருக்கும். போதிய சாப்பாடு இல்லாமை, மனப்பாரம், அலைச்சல் ஆகியவற்றால் மாதவிடாயே ஒழுங்கு தவறியிருக்கலாம். பாலூட்டும் தாய்க்கும், குடும்பக் கட்டுப்பாட்டு ஊசி போட்டு நிறுத்தியவளுக்கும் இப்படியே. கேட்டதற்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று அவள் ஒரு திகதியைச் சொல்வாள். கணக்கு அந்தத் திகதியிலிருந்து தொடங்கிவிடும்.

ஆகவே தாய்மாரே, திகதி நிச்சயமில்லாவிட்டால் "எனக்குத் திகதி வடிவாகத் தெரியாது" என்று துணிந்து சொல்லுங்கள். அது வெட்கப்படவேண்டிய விடயமல்ல. வைத்தியருக்கு மிகவும் பயனுள்ள செய்தி. இனிமேல் மாதந்தோறும் அந்த நாளை ஒரு கொப்பியிலோ தொலைபேசியிலோ குறித்து வையுங்கள். நீங்கள் நிரந்தர விலாசத்தில் இல்லாவிட்டாலும், இப்போது தங்கியிருக்கும் இடத்துக்குப் பொறுப்பான குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிந்துகொள்ளுங்கள். பழைய கிளினிக் கொப்பி தொலைந்துபோனால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். கொப்பி இல்லை என்பதற்காக கிளினிக்குக்குப் போகாமல் இருக்க வேண்டாம்.

காத்திருக்கக் கூடாத வேளை

மேலே சொன்ன பொறுமை, உடல்நிலை நன்றாக இருப்பவர்களுக்கே. பின்வருவனவற்றில் ஒன்று ஏற்பட்டாலும் அடுத்த கிளினிக் நாள் வரை பார்த்திராமல், இரவானாலும் பகலானாலும் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்:

மணிக்கு 2 பெரிய துணிகளோ பாட்களோ முழுமையாக நனையும்படி, 2 மணித்தியாலத்துக்கு மேல் இரத்தம் போதல்.

தலைச்சுற்று, மயக்கம், உடல் வெளிறிக் குளிர்தல்.

அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் குத்து, அல்லது தோள்மூட்டு நுனியில் நோ.

காய்ச்சல், குளிர் நடுக்கம், துர்நாற்றமான கழிவு.

இவற்றில் மூன்றாவதைத் தனியே விளக்க வேண்டும். கரு சிலவேளை கர்ப்பப்பைக்கு வெளியே, பெரும்பாலும் பலோப்பியன் குழாயில், வளரத் தொடங்கும். அப்போதும் கர்ப்பப்பைக்குள் பைபோன்ற ஒரு தோற்றம் ஸ்கானில் தெரியக்கூடும். குழாய் வெடித்தால் உள்ளே இரத்தம் பெருகித் தாயின் உயிருக்கே ஆபத்து. வெளியே இரத்தம் அதிகம் தெரியாவிட்டாலும் உள்ளே பெருகலாம். "வெறும் பைதானே, தானாகப் போய்விடும்" என்று வீட்டில் இருந்துவிட வேண்டாம். வாகனம் கிடைக்காவிட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

உறுதியான பின்

கரு இல்லை என்று உறுதியானால் மூன்று வழிகள் உண்டு. எது உகந்தது என்பதை வைத்தியர் விளக்குவார். அவசர நிலை இல்லாவிட்டால் யோசித்துத் தீர்மானிக்க அவகாசம் கேட்கலாம்.

முதலாவது, உடல் தானாகவே வெளியேற்றும் வரை காத்திருத்தல். சிலருக்கு ஓரிரு கிழமைகளில் நடந்துவிடும். சிலருக்கு இன்னும் பல நாட்கள் செல்லும். கடினமான மாதவிடாயைப் போல, அதிலும் கூடுதலாக, இரத்தமும் வயிற்றுக்குத்தும் இருக்கும். வைத்தியசாலைக்கு விரைவாகப் போக வசதியுள்ளவர்களுக்கே இது பொருந்தும். காட்டோரத்தில், வாகனமில்லாத இடத்தில் இருப்பவர்கள் தமது நிலையை வைத்தியரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.

இரண்டாவது, கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்யும் மருந்து. இதை வைத்தியரின் மேற்பார்வையில் மட்டுமே எடுக்க வேண்டும். எவரோ இரகசியமாக விற்கும் குளிசையை வாங்கி விழுங்குவது ஆபத்து. கரு வெளியே வளர்ந்திருந்தால் அந்தக் குளிசை ஒன்றும் செய்யாது, நாட்கள்தான் கடந்துபோகும். நாட்டு மருந்துக் கசாயங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மூன்றாவது, சனங்கள் "கழுவுதல்" என்று சொல்லும் சிறு சத்திரசிகிச்சை. பழைய நாட்களில் கரண்டி போன்ற கருவியால் சுரண்டி எடுத்தார்கள். இப்போது உறிஞ்சி எடுக்கும் முறையையே உலக சுகாதார நிறுவனம் சிபாரிசு செய்கிறது. அது கர்ப்பப்பைக்குக் கூடிய பாதுகாப்பானது. வெளியே எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். இளங்கொடி திராட்சைக் குலைபோல் வளரும் வேறொரு நோய் அபூர்வமாக இருப்பதுண்டு. அதைக் கண்டுபிடிக்க இப்பரிசோதனை உதவும்.

எந்த வழியானாலும், உங்கள் இரத்த வகை நெகட்டிவ் என்றால் அதைச் சொல்லி, ஊசி தேவையா என்று வைத்தியரிடம் கேளுங்கள். 3 கிழமைகள் கழிந்தும் சிறுநீர்ப் பரிசோதனை கர்ப்பம் என்று காட்டினால் மீண்டும் வைத்தியரிடம் போக வேண்டும்.

இது கருக்கலைப்பா?

என்னிடம் தாய்மார் மெல்லிய குரலில் கேட்கும் கேள்வி இது. "கழுவினால் பாவமில்லையோ, சுவாமி?"

கருக்கலைப்பு என்பது உயிருள்ள சிசுவை அழிப்பது. கரு இல்லை, அல்லது அதன் உயிர் ஏற்கெனவே நின்றுவிட்டது என்று முறையாக உறுதிசெய்த பின், எஞ்சியிருப்பதை வெளியேற்றித் தாயைக் காப்பது கருக்கலைப்பு அல்ல. திருச்சபை அதைப் பாவம் என்று சொல்லவில்லை. கருச்சிதைவுக்கான சிகிச்சையாகவே வைத்தியசாலைகள் இதைச் செய்கின்றன. உறுதி செய்யும் வரை ஒரு கிழமை பொறுப்பதே மனச்சாட்சிக்கும் நல்லது, மருத்துவத்துக்கும் நல்லது. பின்னொரு நாள் "அவசரப்பட்டேனோ" என்ற சந்தேகம் அந்தத் தாயை வாட்டக் கூடாது அல்லவா?

மீண்டும் பிள்ளை தங்குமா?

பெரும்பாலான பெண்களுக்கு அடுத்த கர்ப்பம் நன்றாகவே அமைகிறது. ஒருமுறை இப்படி நடந்ததால் "மலடி" என்று பெயர் வைப்பது அறியாமையும் கொடுமையுமாகும். மாதவிடாய் வழக்கமாக 4 முதல் 6 கிழமைகளில் திரும்ப வரும். அதற்கு முன்பேகூடக் கருத்தரிக்கலாம் என்பதைக் கணவன் மனைவி இருவரும் அறிந்திருக்க வேண்டும். 2005 இல் உலக சுகாதார நிறுவனம் குறைந்தது 6 மாதம் பொறுக்கும்படி சொன்னது. அதற்கு முன் கருத்தரிப்பதால் தீங்கு கூடுவதாகத் தெரியவில்லை என்று பிந்திய ஆய்வுகள் காட்டியுள்ளன. உடலும் மனமும் தேறியதும் உங்கள் வைத்தியருடன் பேசித் தீர்மானியுங்கள்.

அதுவரை செய்யக்கூடியவை சில. இரத்தம் போனதால் ஏற்படும் சோகையைப் போக்க இரும்புச்சத்துக் குளிசையும், முருங்கையிலை, பயறு, மீன், முட்டை போன்ற உணவும். அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே நாளொன்றுக்கு 400 மைக்கிரோகிராம் போலிக் அமிலம். புகையிலையும் பாக்கும் சேர்ந்த வெற்றிலையை விடுதல். பயிருக்கு மருந்து அடிக்கும் வேலையைக் கர்ப்பிணி செய்யாதிருத்தல். இரண்டு மூன்று முறை தொடர்ந்து இப்படி நேர்ந்தால், மனைவியை மட்டுமல்ல, கணவன் மனைவி இருவரையும் பரிசோதிக்க வேண்டும்.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்

பெரிய இழப்புகளைக் கண்ட சனங்கள் நாம். வீடு, வயல், மாடு கன்று, உற்றார் உறவினர் என எத்தனையோ போயின. அவற்றின் நடுவே, முகம் காணாத ஒரு பிள்ளைக்காக ஒரு பெண் அழுவது சிலருக்குச் சிறிய காரியமாகத் தெரியலாம். "அதுதான் ஒண்டும் இல்லையாமே, பிறகேன் அழுகிறாய்?" என்பார்கள். ஆனால் எல்லாவற்றையும் இழந்த வீட்டில், வரப்போகும் பிள்ளைதான் மிஞ்சியிருந்த ஒரே புதிய நம்பிக்கையாக இருந்திருக்கும். அவளை அழ விடுங்கள். கணவனும் அழலாம், அவனுக்கும் அது இழப்பே. பல கிழமைகளாகியும் அவள் உண்ணாமலும் உறங்காமலும் ஒருவருடனும் பேசாமலும் இருந்தால், அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.

வேப்பமரத்தடியில் நின்ற அந்தப் பெண்ணின் கதையையும் சொல்லி முடிக்கிறேன். வைத்தியசாலையில் ஒரு கிழமை பொறுக்கச் சொன்னார்கள். இரண்டாவது ஸ்கானிலும் பை வெறுமையாகவே இருந்தது. இன்னொரு வைத்தியரும் பார்த்து உறுதி செய்தார். சிகிச்சை முடிந்து வீடு திரும்பினாள். அந்த ஒரு கிழமை அவளுக்குப் பிள்ளையைத் தரவில்லை. ஆனால் சந்தேகமில்லாத ஓர் உண்மையைத் தந்தது.

சில நாட்கள் கழித்து அவர்கள் இருக்கும் பக்கமாகப் போனேன். குழாய்க்கிணற்றடியில் மாமியார் குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். "என்னம்மா, நீங்களோ தண்ணி சுமக்கிறியள்?" என்று கேட்டேன்.

"அவள் கொஞ்சம் ஆறட்டும் சுவாமி. தண்ணி தூக்கினதாலை இல்லை எண்டு டொக்டர் எனக்கு நேரை சொன்னவர்" என்றார் அந்தத் தாய்.